மாவில் வந்த நஞ்சும் மலைமேல் பெய்த நஞ்சும்

1958ஆம் ஆண்டுக் கோடையில் கேரளத்தில் கோதுமை மாவுப் பலகாரம் உண்டவர் பலர், உண்ட சிறிது பொழுதிற்குள் மயங்கி வீழ்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காலரா என்று முதலில் கருதத்தக்க சாவுகள். ஆனால் காலரா இவ்வளவு விரைந்து கொல்வதில்லை. ஆராய்ந்தபொழுது உண்மை வெளிப்பட்டது. கப்பலில் வந்த மாவு மூட்டைகளோடு பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லியும் ஏற்றப்பட்டிருந்தது. வழியில் அது கசிந்து மூட்டைகளில் ஊறியது. ஊறிய மாவு சந்தைக்குப் போயிற்று. சந்தையிலிருந்து அடுப்பிற்குப் போயிற்று.

பாரத்தியான் நரம்புக்கும் தசைக்கும் இடையே செல்லும் செய்தியைக் குலைக்கும் நஞ்சு. கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும், வியர்வை பெருகும், வாயில் நீர் ஒழுகும், இறுதியில் மூச்சு நிற்கும். மருத்துவர்க்கு இவ்வடையாளங்கள் தெளிவானவை. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவராயிருந்த டாக்டர் சி. ஓ. கருணாகரன் அவ்வாண்டிலேயே இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்நிகழ்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சென்னை மாநிலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்திருந்தமையால், நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு, ‘கேரள, சென்னை உணவு நஞ்சு நிகழ்ச்சிகள்’ என்று இரண்டு மாநிலங்களையும் சேர்த்தே ஆராய்ந்தது. அதன் பின்னர்ப் பத்தாண்டுகள் கழிந்து, 1968ஆம் ஆண்டில் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது. பாரத நாட்டில் பூச்சிகொல்லிகளைப் பதிவு செய்தே விற்க வேண்டும் என்ற முறை அச்சட்டத்தால் வந்தது.

ஆகவே இச்சட்டத்தின் பிறப்பிடம் ஓர் அடுப்பங்கரை எனலாம். பிறந்த இடத்தின் சாயல் பிள்ளையின் முகத்தில் இருப்பதுபோல, இச்சட்டத்தின் கண்ணும் அந்த அடுப்பங்கரைச் சாவையே பார்க்கப் பழகியிருந்தது. சொல்லுகிறேன், கேளுங்கள்.

பூச்சிகொல்லிக் குப்பியின் மேல் சாய்சதுரமாக ஒரு குறி அச்சிட்டிருப்பதை நேயர்கள் ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களில் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். 1971ஆம் ஆண்டு விதிகளின்படி வந்த குறி இது. நிறத்தை முடிவு செய்வது யாது? சோதனை விலங்குகளுக்கு மருந்தை ஊட்டி, அவற்றிற் பாதி மாளுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்று அளக்கின்றனர். ஐம்பது மில்லிகிராமுக்குள் மாண்டால் சிவப்பு. ஐயாயிரத்துக்கு மேல் தேவைப்பட்டால் பச்சை. ஏனைய இரண்டும் இடைப்பட்டவை. எத்துணை வேகமாகக் கொல்லும் என்பதை அந்நிறம் சொல்லும். கொல்லாமல் விட்டு இருபது ஆண்டு உடலோடு தங்கினால் என்ன செய்யும் என்பதை எந்த நிறமும் சொல்லாது. அதற்கென ஒரு நிறம் வகுக்கப்படவில்லை.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நம் உழவர் இவற்றை நஞ்சு என்று அழைப்பதில்லை. ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். மருந்தடித்தல், மருந்து வாங்குதல், மருந்துக்கடை. மலையாளத்திலும் அதே சொல்தான்: ‘மருந்நு’. எங்கள் ஊர் தோவாளை வட்டத்தைச் சேர்ந்தது. என் தந்தையார் வயலுக்கு மருந்தடித்த நாளில் எங்களை வரப்பில் ஏற விடமாட்டார். ஆயினும் அச்சொல்லை மாற்றவும் மாட்டார். நான் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். ‘பூச்சிகொல்லி’ என்று எழுதுவதற்கே சம்பளம் பெறுகிறேன். நான் எழுதிய சொல் வரப்பு வரையில் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி வடகோடிக்குச் செல்வோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதே நாளில், அதுவரை சென்னை மாநிலத்துத் தென்கன்னட மாவட்டத்தில் இருந்த காசர்கோடு கேரளத்தோடு சேர்ந்தது. தெற்கே நாங்கள் வந்தோம்; வடக்கே அவர்கள் போயினர். மலையாளம், துளு, கன்னடம், கொங்கணி எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் நாடு அது. ஏழு மொழிகளின் நிலம் என்று அதனைச் சொல்வர். தலைநகரமாகிய திருவனந்தபுரம் அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரவெல்லாம் ரயிலில் வரவேண்டும். தன் வீட்டு மொழியல்லாத மொழியில் விண்ணப்பம் எழுதி, தொலைவிலுள்ள அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது எத்தகையது என்பதை, வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

காசர்கோட்டின் செந்நிறச் செம்புறைக்கல் மேடுகளில் முந்திரித் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகம் அவற்றை நடத்தி வந்தது. முந்திரி பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி தளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கிவிடும். அதனை ஒழிக்க, 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரிலிருந்து என்டோசல்ஃபான் என்னும் பூச்சிகொல்லியைத் தெளித்தனர். ஆண்டுதோறும், இருபது ஆண்டுகளுக்கு மேல்.

என்டோசல்ஃபான் 1950ஆம் ஆண்டுகளின் நடுவில் மேனாடுகளில் தோன்றிய குளோரின் சேர்மம். டி.டி.டி.யின் குடும்பத்தோடு உறவுடையது. நீரில் எளிதிற் கரையாது, கொழுப்பிற் கரையும். மண்ணில் விழுந்தபின் பெரும்பகுதி என்டோசல்ஃபான் சல்பேட்டு என்ற வடிவத்திற்கு மாறும். அவ்வடிவம் தாயைவிட நெடுநாள் நிலைக்கும், நச்சுத்தன்மையிலும் குறைவில்லாதது. கொச்சிக்கு அருகில் உத்தியோகமண்டலத்திலுள்ள மத்திய அரசின் தொழிற்சாலையிலேயே டி.டி.டி.யும் செய்தார்கள், என்டோசல்ஃபானும் செய்தார்கள். செய்ததும் அரசு நிறுவனம், தெளித்ததும் அரசு நிறுவனம் என்பதை மனத்திற் கொள்க. இங்கே பேராசை பிடித்த தனிவணிகன் ஒருவனைத் தேடிப் பயனில்லை. விளைச்சலைக் காக்க வேண்டும் என்று நேர்மையாக எண்ணியவர்களே கையொப்பமிட்டனர்.

நிலத்தின் அமைப்பையும் அறிதல் வேண்டும். தோட்டங்கள் மேட்டில்; வீடுகள் பள்ளத்தில். குடிநீருக்கு அவ்வூரார் மலைச்சரிவில் படுக்கைவாட்டில் குடைந்த சுரங்கங்களை நம்பியிருந்தனர். சுரங்கம் என்பது கிணற்றைப் படுக்க வைத்தது போன்றது. ஆளொருவர் குனிந்து செல்லுமளவிற்குச் செம்புறைக்கல்லைக் குடைந்து செல்வர். கல்லிடை ஊறும் நீர் மெல்லிய ஓடையாய்த் தானே வெளிவந்து வீட்டு வாயில் வரை வரும். அரிய பொறியியல் அது, கண்டு வியந்திருக்கிறேன். மேட்டில் பெய்ததெல்லாம் வடிந்து அந்த ஓடைக்கே வரும். தெளிக்கும் நாளில் கிணறுகளை மூடி வைக்குமாறு அறிவிப்பது வழக்கம். கிணற்றை மூடலாம்; மலையை எதனால் மூடுவது?

முதலில் பேசியவை கன்றுகள். 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில், என்மகஜே பஞ்சாயத்தைச் சேர்ந்த பத்ரே என்னும் ஊரில் கால்கள் கோணிய கன்றுகள் பிறந்தன. அவ்வூர் உழவரும் இதழாளருமான ஸ்ரீ பத்ரே அதனை எழுதினார். தேனீக்கள் குறைந்தன. 1980ஆம் ஆண்டுகளிலிருந்து அவ்வூரில் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் மோகன் குமார், ஒரு சிற்றூரின் அளவிற்குப் பொருந்தாத எண்ணிக்கையில் பிறவிக் குறைகளையும், மூளை வளர்ச்சிக் குறைவையும், வலிப்பையும், புற்றுநோயையும் கண்டு ஐயுற்று எழுதத் தொடங்கினார். தெற்கே பெரியா என்னும் ஊரில் வேளாண் துறை ஊழியராகவே இருந்த லீலாகுமாரி அம்மா என்பவர் 1998ஆம் ஆண்டில் ஹோஸ்துர்க் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். எதிரில் நின்றது ஓர் அரசுக் கழகம். 2000ஆம் ஆண்டில் வானிலிருந்து தெளிப்பது நின்றது. ஒரு முன்சீப் நீதிமன்றம் செய்த பெரிய செயல்களுள் இதனை எண்ணுகிறேன்.

இப்பொழுது ஓர் ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விழைகிறேன். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டதன் பேரில், அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டில் காசர்கோட்டிற்கு வந்தனர். முந்திரி மேட்டின் அடிவாரத்து ஊரில் பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான பள்ளிச் சிறுவர் 117 பேரைச் சோதித்தனர். தெளிப்புக்கு உட்படாத வேறோர் ஊரில் அதே வயதுச் சிறுவர் 90 பேரை ஒப்பீட்டுக்குக் கொண்டனர். முடிவுகள் 2003ஆம் ஆண்டில் அனைத்துலக அறிவியல் இதழொன்றில் வெளியாயின.

தெளிப்பு நின்று ஏறத்தாழப் பத்து மாதம் ஆகியிருந்தது. அப்பொழுதும் அடிவாரத்துச் சிறுவருள் 78 விழுக்காட்டினர் குருதியில் என்டோசல்ஃபான் இருந்தது. மற்றவ்வூரில் 29 விழுக்காட்டினர்க்கே இருந்தது. ஆயினும் எண்ணிக்கையைவிட அடுத்து அவர்கள் கண்டதே முதன்மையானது. குருதியில் நஞ்சு மிகுந்திருந்த சிறுவர்க்குப் பருவமடைவதன் படிகள் வயதிற்கேற்ப வரவில்லை, பிந்தின. ஆண்மைச் சுரப்பிநீராகிய டெஸ்டோஸ்டீரோன் அவ்வயதிற்கு இருக்கவேண்டிய அளவினும் குறைந்திருந்தது. அதே வேளையில், மூளையின் அடியிலுள்ள தலைமைச் சுரப்பி விடுக்கும் மற்றொரு சுரப்பிநீர் மிகுந்திருந்தது.

இதன் பொருள் என்ன? ஓர் அலுவலக உவமையால் விளக்குவேன். தலைமை அலுவலகம் கிளைக்கு ஆணை அனுப்புகிறது. கிளை வேலை செய்து அறிக்கை அனுப்புகிறது. அறிக்கை குறைந்தால் தலைமையகம் மேலும் மேலும் நினைவூட்டுக் கடிதம் எழுதும். இச்சிறுவர் உடலில் கடிதங்கள் பெருகியிருந்தன, அறிக்கை குறைந்திருந்தது. ஆகவே குறை மேலே இல்லை, கீழே கிளையில் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. சுரப்பிநீர் உடலில் மிக நுண்ணிய அளவில் உலவுவது; கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அளக்கப்படுவது. அத்துணைச் சிறிய குரலில் உடல் தனக்குள் பேசிக்கொள்கிறது. அப்பேச்சில் குறுக்கிடுவதற்கு நஞ்சும் பேரளவில் வேண்டுவதில்லை. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விங்ஸ்பிரெட் என்னுமிடத்தில் கூடிய அறிஞர்கள் இத்தகைய பொருள்களுக்குச் ‘சுரப்பிநீர்க் குலைப்பிகள்’ எனப் பொருள்படும் பெயரிட்டனர். பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைக் கொண்டு நிறம் தீட்டும் அளவுகோலுக்கு இவை சிக்குவதில்லை.

அவ்வாய்வாளர் அடக்கத்தோடு எழுதினர் என்பதையும் மறைக்கலாகாது. ஆய்வுக்கு வந்த சிறுவர் தொகை சிறிது, பலர் பங்கேற்கவில்லை என்று தாமே குறித்தனர். முடிவையும் ‘தாமதப்படுத்தக்கூடும்’, ‘குறுக்கிடக்கூடும்’ என்றே கூறினர். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்தக் ‘கூடும்’ மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அறிவியலின் நாணயம் அச்சொல்லில் இருக்கிறது. ஆனால் அறிக்கை அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தவுடன் அச்சொல்லுக்கு வேறொரு பயன் உண்டாகிவிட்டது.

அடுத்தடுத்துக் குழுக்கள் அமைந்தன. 2003ஆம் ஆண்டில் அறிக்கை தந்த மத்திய வேளாண் துறையின் குழு, நோய்களுக்கும் என்டோசல்ஃபானுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. வேளாண் அறிவியலாளர் சிலர் அக்கருத்தையே இன்றளவும் வற்புறுத்துகின்றனர். ஒரு வட்டாரத்தில் கண்ட நோய்களையெல்லாம் ஒரே பொருளின் தலையில் சுமத்துவது முறையன்று என்பது அவர் வாதம். அவ்வாதத்தை நான் இகழவில்லை. ஒவ்வொரு குழந்தையின் ஒவ்வொரு குறைக்கும் காரணம் இதுவே என்று எவரும் நிறுவ இயலாதுதான். ஆனால், ‘தீங்கு உண்டு என்பதற்குச் சான்று இல்லை’ என்பது ஒரு வாக்கியம். ‘தீங்கு இல்லை என்பதற்குச் சான்று உண்டு’ என்பது மற்றொரு வாக்கியம். முதலாவதை எழுதி, இரண்டாவது எனப் படித்துக்காட்டும் பழக்கம் அரசு அலுவலகங்களில் உண்டு. கோப்பில் அவ்விரண்டும் இடம் மாறுவதைக் கண்டு நானே திருத்தியிருக்கிறேன். 1958இல் இந்த இடர்ப்பாடு எழவில்லை. மாவு இருந்தது, பிணம் இருந்தது, இடையே சில மணி நேரம் இருந்தது. காசர்கோட்டில் இடையே இருந்தது ஒரு தலைமுறை. அத்தலைமுறையைத் தாண்டிச் சான்று கொண்டுவரும் பொறுப்பு, தெளித்தவர் மேல் அன்று, குடித்தவர் மேல் விழுந்தது.

நிலைத்து நிற்கும் நச்சுப்பொருள்களை உலகெங்கும் ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001ஆம் ஆண்டில் உருவாயிற்று. தொடக்கத்தில் பன்னிரண்டு பொருள்கள் அதில் இடம்பெற்றன. இந்தியா 2006இல் அதனை ஏற்றது. என்டோசல்ஃபானையும் அப்பட்டியலில் சேர்க்கும் பேச்சு எழுந்தபொழுது, அதனைப் பெருமளவில் உற்பத்தி செய்த நாடாகிய நம் நாடு நெடுங்காலம் எதிர்த்தது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஜெனீவாவில் அம்மாநாடு தொடங்கியது. அதே நாளில் திருவனந்தபுரத்தில், பாளையத்திலுள்ள தியாகிகள் நினைவிடத்தில், அப்பொழுது முதலமைச்சராயிருந்த வி. எஸ். அச்சுதானந்தன் ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தார். ஏப்ரல் 29ஆம் நாள் என்டோசல்ஃபான், சில பயன்களுக்குக் கால விலக்கோடு, பட்டியலில் சேர்ந்தது. மே 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயனையும் இடைக்கால ஆணையால் நிறுத்தியது. 2017ஆம் ஆண்டு ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவர்க்கும் ஐந்து லட்ச ரூபாயை மூன்று மாதத்திற்குள் வழங்குமாறு ஆணையிட்டது.

மூன்று மாதம் ஐந்தாண்டாயிற்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே நீதிமன்றம் கணக்குக் கேட்டபொழுது, 3,704 பேருள் எட்டுப் பேருக்கே அத்தொகை சென்றிருந்தது தெரியவந்தது. நீதிமன்றம் கடிந்துரைத்த பின்னரே வழங்குதல் விரைவுற்றது.

2019ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், தலைமைச் செயலக வாயிலில் காசர்கோட்டுத் தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு வந்து அமர்ந்தனர். சமூகத் தொண்டர் தயாபாய் அவர்களோடு உண்ணாநோன்பு இருந்தார். (2022இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், மீண்டும் பதினெட்டு நாள் இருந்தார்.) நான் அலுவலகத்திற்குச் செல்லும் வழி அது. மடியில் தலை சாய்த்திருந்த பிள்ளையை முதலில் பத்து வயதினன் என்றே எண்ணினேன். மேலுதட்டில் அரும்பிய மீசையைக் கண்ட பின்னரே அவன் வளர்ந்த இளைஞன் என்பது விளங்கிற்று. அவன் தாய், என் கையில் கோப்பு இருந்ததைக் கண்டு அரசு ஊழியன் என ஊகித்திருக்க வேண்டும், மருத்துவ முகாமில் தந்த ஒரு தாளை நீட்டி, “சாரே, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். துளுவின் சாயல் படிந்த மலையாளம் அது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. பயனாளர் பட்டியலில் சேர்ப்பதற்கு மேலும் ஆய்வு தேவை என்பது அதன் சாரம். நான் மலையாளத்தில் சொன்னேன். “இன்னும் பார்க்கவேண்டும் என்கிறார்கள், சேச்சி” என்றேன்.

அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். “ஹெலிகாப்டர் வரும்பொழுது நாங்களெல்லாம் முற்றத்தில் நின்று கையசைப்போம், மருந்து வருகிறது என்று பிள்ளைகள் ஓடுவார்கள்” என்றார். குறைகூறும் குரலில் அன்று. தமக்கு நினைவு வந்ததைச் சொன்னார். அவ்வளவே.

அந்நோன்பு பிப்ரவரி 3ஆம் நாள் அரசோடு நடந்த பேச்சில் முடிவுற்றது. மாவேலி விரைவுவண்டியில் அவர்கள் வடக்கே திரும்பியிருக்கக்கூடும். மறுநாள் காலையில் நான் சென்றபொழுது வாயில் வெறுமையாய் இருந்தது.

தோட்டக் கழகத்தின் கிடங்குகளில் எஞ்சிக் கிடந்த என்டோசல்ஃபானின் பழைய கலங்கள் ஒழுகத் தொடங்கியமையால், 2012ஆம் ஆண்டில் அதனைப் புதிய கலங்களுக்கு மாற்றினர். 1958இல் கப்பலில் நேர்ந்ததும் அத்தகைய கசிவுதான். உடல்களுக்குள் தேங்கியதை மாற்றிவைக்கக் கலம் ஏது? அகமதாபாத்து அறிஞர் 2001இல் சோதித்த அந்த 117 சிறுவருள் மூத்தவர்க்கு அப்பொழுது வயது பத்தொன்பது. இன்று அவர் நாற்பதைக் கடந்திருப்பார். அஃதாவது, என் வயதினர்.